மைனஸ் இருபது

கைப்பிடி கையோடு வந்துவிட்டது.

ஸ்டோர் கீப்பர் அதையே வெறித்துப் பார்த்தார். ஐஸ்கிரீம் கம்பெனியின் குளிர் அறை, மைனஸ் இருபது டிகிரி. தானாகச் சாத்திக்கொள்ளும் கதவை உள்ளிருந்து திறக்க இருந்தது இந்த ஒரே கைப்பிடிதான்.

விடுமுறை நாள் வேறு. ஸ்டாக் எடுக்க வந்தது அவரும், போன வருடம் சேர்ந்த கம்ப்யூட்டர் பெண்ணும்தான். இரண்டு பேரின் போனும் வெளியே மேஜையில் கிடந்தன. உள்ளே போன் கூடாது என்பது அவர் போட்ட சட்டம்.

கதவை அடித்தார். கத்தினார். வாட்ச்மேன் இருக்கும் கேட் எங்கேயோ இருக்கிறது, யார் காதில் விழப்போகிறது? ஐம்பத்திரண்டு வயதில் ஐஸ்கிரீமுக்கு நடுவிலா சாவு, கடவுளே!

“சார், ரூம் டெம்பரேச்சர் பாக்கற சென்சார் சூடானா போனுக்கு மெசேஜ் போகும். நான்தான் செட் பண்ணேன். ஆனா அது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாது,” என்றாள் அந்தப் பெண். பல் தந்தியடித்தது.

அது அவருக்குத் தெரியும். மேலே, ஃபேனுக்குப் பின்னால், விரல் அளவுதான் இருக்கும்.

அட்டைப்பெட்டிகளை அடுக்கினார். ஆடாமல் பிடித்துக்கொண்டார். அவள் மேலே ஏறி, சென்சாரை உள்ளங்கையில் பொத்தி ஊதத் தொடங்கினாள்.

“மெசேஜ் யாருக்கும்மா போகும்?”

“உங்களுக்கு, எனக்கு, மேனேஜருக்கு...” என்று இழுத்தவள், ஏதோ சொல்ல வந்து விழுங்கிக்கொண்டாள்.

மேனேஜர் இந்நேரம் விமானத்தில் இருப்பார்.

ஸ்டோர் கீப்பர் காலையில் மகளை எதற்கோ திட்டிவிட்டு வந்திருந்தார். பெட்டியைப் பிடித்தபடியே அழுதார், வெட்கமில்லாமல்.

கால் மணி நேரம் போயிருக்கும். அரை மணியாகவும் இருக்கலாம். விரல்கள் இருக்கின்றனவா இல்லையா என்றே தெரியவில்லை.

கதவு திறந்தது.

வீட்டுச் செருப்போடு, மூச்சிரைக்க நின்றார் பழைய ஸ்டோர் கீப்பர். பக்கத்துத் தெருக்காரர். ‘வயசாயிடுச்சு, இனி இவரால் ஆகாது’ என்று இவரே மேலிடத்துக்கு எழுதிக் கொடுக்க, ஆறு மாதம் முன்பு கம்பெனி வீட்டுக்கு அனுப்பிய பெரியவர்.

பெரியவருடைய நம்பரை மெசேஜ் போகும் லிஸ்டிலிருந்து எடுத்துவிடு என்று இவர் அந்தப் பெண்ணிடம் நாலு தடவையாவது சொல்லியிருப்பார்.

இவர் திரும்பி அவளைப் பார்த்தார்.

அவள் பெட்டி மேலிருந்து இறங்காமலே நடுங்கினாள்.

“இன்னைக்கே எடுத்துடறேன் சார்.”