மனசு வெளுத்தவர்

சனிக்கிழமை வரை கறுகறுவென்று இருந்த கோமதிநாயகத்தின் தலை, திங்கட்கிழமை காலை திருவனந்தபுரம் மியூசியம் வளாகத்துக்கு நடக்க வந்தபோது வெள்ளை வெளேரென்று இருந்தது. அதே வகிடு, அதே படிமானம். கறுப்பு மட்டும் போயிருந்தது.

கூட நடக்கிறவர்கள் நடையை நிறுத்திவிட்டார்கள்.

"விட்டாச்சு," என்றார் கோமதிநாயகம். சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். "ஐம்பத்தெட்டு வயசாச்சு. இனி யாருக்குக் காட்டணும்? இந்த வேஷமெல்லாம் போதும், மதி."

"அண்ணாச்சி முகத்துல ஒரு களை வந்திருக்கு, பாத்தீங்களா," என்றார் பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஜெயகுமார். எல்லோரும் பார்த்தார்கள். வந்திருந்தது.

அவர்களோடு நடக்கும் சுவாமிதாஸ் மட்டும் பார்வையைத் திருப்பிக்கொண்டார். ஜனவரியில் அவர்கள் காலனி ரெசிடென்ட்ஸ் அசோசியேஷனுக்குத் தலைவர் தேர்வு. ஆறு வருஷம் செயலாளராக இருந்து, ஓடை அடைப்பு, தெருவிளக்கு, நாய்த்தொல்லை என்று மாநகராட்சிப் படியேறித் தேய்ந்தவர் அவர்தான். அடுத்த தலைவர் தான்தான் என்று நம்பி, மேடையில் போட ஒரு கதர்ச்சட்டைகூடத் தைத்து வைத்திருந்தார். இப்போது ஒரே காலையில் ஒரு வெள்ளைத் தலை அவரை முந்திக்கொண்டு போய்விட்டது.

அவருடைய தலையும் கறுப்புதான். ஐம்பத்தைந்தில் பென்ஷன் ஆன பிறகும், ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை மனைவி சுசீலாபாய் பழைய டூத் பிரஷ்ஷால் டை பூசிவிடுவாள். காதுக்குப் பின்னால் கொப்புளம் வந்து உடையும். "தோல் டாக்டரும் சொல்லியாச்சு, நானும் சொல்லியாச்சு, நிறுத்த மாட்டீங்க," என்பாள். சொல்லிக்கொண்டே பூசுவாள். இருவரும் சேர்ந்தாற்போல ஒரு மணி நேரம் பேசிக்கொள்வது அப்போதுதான்.

அன்று வீட்டுக்கு வந்ததும், "இனி டை வேண்டாம் சுசீலா. எல்லாத்தையும் விட்டுரலாம்னு இருக்கேன்," என்றார். அவள் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னாள். அசோசியேஷன் விஷயத்தை அவர் சொல்லவில்லை.

ஆனால் வெள்ளை வேரிலிருந்துதானே வர வேண்டும். இரண்டு மாதத்தில் அடியில் விரல்கனம் வெள்ளை, மேலே வெளிறிப்போன செம்பட்டை.

"சாரே, தலை சம்பாப் புட்டு மாதிரி இருக்கு," என்றார் ஜெயகுமார். "தேங்காய் ஒரு அடுக்கு, மாவு ஒரு அடுக்கு. இனி ஒரு பழம் இருந்தா மதி."

"பேசாம மொட்டை அடிச்சுருங்க. முளைக்கிறதெல்லாம் ஒக்க வெள்ளையா முளைக்கும்," என்றாள் சுசீலாபாய்.

"சர்ச்சுல என்ன நினைப்பாங்க? பழனிக்குப் போய்ட்டு வந்திருக்கேன்னு பாஸ்டர் வீடு தேடி வந்து ஜெபம் பண்ணுவாரு."

கோமதிநாயகத்தின் செல்வாக்கு இதற்குள் எங்கேயோ உயர்ந்துவிட்டது. மதில் தகராறு, மருமகள் தகராறு எல்லாம் அவரிடம்தான் வந்தன. முன்பெல்லாம் டீக்கடையில் கால் ரூபாய்க்குச் சண்டை போடுகிற மனிதர், இப்போது எது கேட்டாலும் "போகட்டும், விடுங்க," என்றார். அதைக் கேட்கவே நாலு பேர் கூட நடந்தார்கள்.

சுவாமிதாஸ் ஒரு நாள் அவரைத் தனியாகப் பிடித்தார். "அண்ணாச்சி, நான் மாசக்கணக்கா இந்தக் கோலத்துல அலையுதேன். உங்களுக்கு மட்டும் எப்படி ஒரே நாள்ல வெளுத்துச்சு? எதாவது தைலமா?"

கோமதிநாயகம் மரத்து உச்சியைப் பார்த்தார்.

"மனசு, சாரே. மனசு வெளுத்தா தலை தானா வெளுக்கும். நீங்க அரை மனசா விடுதீங்க. அதான் அரைத் தலை."

சுவாமிதாஸுக்குச் சுருக்கென்றது. ஆனால் நியாயம் என்றும் பட்டது. நாற்காலிக்காக விட்டது விட்டதில் சேருமா?

ஜனவரிப் பொதுக்கூட்டத்தில், "ஆசையை விட்ட ஒருத்தர் கையிலதான் சங்கத்தைக் கொடுக்கணும்," என்று ஜெயகுமார் முன்மொழிந்தார். எல்லாக் கையும் உயர்ந்தன. திருவனந்தபுரத்துப் புழுக்கத்தில் தலையில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த சுவாமிதாஸும் கையைத் தூக்கினார். கதர்ச்சட்டை வீட்டில் மடிப்புக் கலையாமல் இருந்தது.

மறுநாள் காலை சுவாமிதாஸ் வாழ்த்துச் சொல்லப் புதுத் தலைவர் வீட்டுக்குப் போனார். கோமதிநாயகத்தின் மனைவி பொன்னம்மைதான் கதவைத் திறந்தாள்.

"வாங்கண்ணே, இரிங்க. தலைவரானதுக்குத் தேங்காய் உடைக்க அவங்க பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்குப் போயிருக்காங்க. இப்ப வந்துருவாங்க."

காப்பியைக் குடிக்கக் குடிக்க சுவாமிதாஸுக்கு மனசு இளகியது. மப்ளரை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

"உங்க வீட்டுக்காரரு பெரிய மனுஷன், தங்கச்சி. அவரை மாதிரி ஒரேயடியா விட எனக்கு வரல்ல. நானும் பாத்துட்டேன். இனி பழையபடி டையே பூசிக்கிடலாம்னு இருக்கேன்."

பொன்னம்மை அவருடைய காதோரத்துத் தழும்பைப் பார்த்தாள். உள்ளே போனாள். பீரோ திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. ஒரு அட்டைப்பெட்டியோடு வந்து, தூசியை முந்தானையால் துடைத்து, அவர் கையில் கொடுத்தாள்.

"தோலைப் புண்ணாக்காதீங்கண்ணே. அவங்க வெள்ளை டோப்பா வாங்கின பிறகு இந்தக் கறுப்பு சும்மாதான் கிடக்கு, நீங்க மாட்டிக்கிடுங்க."