பத்து ஆம்ப்ஸ்

“பழைய பிரேக்கர் ஒரு நாளும் விழுந்ததில்லைண்ணா. அவரு வந்து மாத்தினதிலேர்ந்து, ஓவனைப் போட்டா அஞ்சே நிமிஷத்துல விழுந்து கரண்ட் போயிடுது” என்றாள் வீட்டுக்காரம்மா.

“யாரு, நெத்தி லைட்டா?”

கேட்கும்போதே சீனியருக்கு வாயெல்லாம் பல்.

முப்பது வருஷமாக எலெக்ட்ரீஷியன். ஊரே அவரை ‘சீனியர்’ என்றுதான் கூப்பிடும். இரண்டு வருஷம் முன்பு, நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு ஒருத்தன் தொழிலுக்கு வந்தான். அதோடு இவருடைய போன் அடிப்பதே அபூர்வமாகிவிட்டது. போன மாதம் சொந்த மச்சினனே அவனைத்தான் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறான். வயிறு எரியாதா?

இன்றைக்கு வசமாகச் சிக்கினான்.

போர்டைத் திறந்தார். சமையலறை லைனுக்குப் பத்து ஆம்ப்ஸ் பிரேக்கர்!

“முன்னாடி எத்தனை இருந்தது?”

“முப்பத்திரண்டு. அதோ, கழட்டி வச்சிருக்காரு.”

“பாத்தீங்களா! உங்க ஓவன் பதினஞ்சு ஆம்ப்ஸ் இழுக்கும்மா. பத்தைப் போட்டா விழாம என்ன செய்யும்? இது கூடத் தெரியாதவனைத் தலையில தூக்கி வச்சு ஆடுறாங்க. நெத்தியில எரிஞ்சா போதுமா, உள்ளேயும் கொஞ்சம் எரியணும்ல!”

அந்தம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சீனியர் விட்டால்தானே! இதை முதல் வேலையாக மச்சினனிடம் சொல்ல வேண்டும். நினைக்கவே குளுகுளுவென்று இருந்தது.

“உள்ளே தடிச்ச நாலு எம்.எம். வயர் ஓடும். இருபதைப் போட்டா கதை முடிஞ்சது” என்றபடி மெயினை அணைத்துவிட்டு, ஓவன் பிளக் பாயிண்டைக் கழற்றினார்.

உள்ளே இருந்தது ஒன்றரை எம்.எம். வயர். லைட்டுக்கு இழுக்கிற மெல்லிசு வயர். மேலுறை கருகிப்போய், தொட்டதும் உதிர்ந்தது.

சீனியருக்குத் திக்கென்றது. இந்த வயரில் முப்பத்திரண்டு ஆம்ப்ஸ் பிரேக்கரா? வயரே பற்றி எரிந்தாலும் அது விழுந்திருக்காது. பத்தாக மாற்றியவன் இந்தக் குடும்பத்தையே காப்பாற்றியிருக்கிறான்.

எந்தப் புண்ணியவான் இப்படி இழுத்தது? டார்ச்சை அடித்துப் பார்த்தார்.

சுவரில் பதித்த பிளக் பெட்டிக்குள்ளே மார்க்கரில் ஒரு போன் நம்பர். கீழே பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய தேதி.

அவருடைய நம்பர். அவருடைய கையெழுத்து.

அன்றைக்கு நாலு எம்.எம். தீர்ந்துபோனது. நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று கையிலிருந்ததை இழுத்தார். மறுநாள் வேறு வேலை வந்துவிட்டது. வீடு கைமாறி, டைல்ஸ் எல்லாம் புதிதானதில் அவருக்கே அடையாளம் தெரியவில்லை.

அவனும் இந்தப் பெட்டியைத் திறந்துதானே பார்த்திருப்பான்!

“ஏம்மா... பழைய வயரிங் யாரு செஞ்சதுன்னு அவரு ஏதாவது சொன்னாரா?”

‘அவன்’ ‘அவரு’ ஆனதை அந்தம்மா கவனிக்கவில்லை.

“கேட்டேன், தெரியலைன்னுட்டாரு. லைன் மாத்துற வரைக்கும் ஓவனைப் போடாதீங்கன்னாரு, நான்தான் கேக்காம போட்டுப் பாத்தேன். சரி, நீங்களே மாத்திக் கொடுங்கன்னா மாட்டேங்கிறாரு. ‘இந்த வேலைக்கு அவரை விட்டா ஆள் கிடையாது, அவரையே கூப்பிடுங்க’ன்னு உங்க நம்பரைக் கொடுத்ததே அவருதாண்ணா!”