வலப்பக்கம் இழுக்கும் வண்டி

காரில் மூன்று பேர். ஓட்டுவது ராஜலக்ஷ்மி. பக்கத்தில் பழைய கார் புரோக்கர் தனக்கோடி. பின் சீட்டில் பேசாமடந்தையாக ஓர் ஆள். மேடத்தின் வீட்டுக்காரர் என்று தனக்கோடி முடிவு கட்டியிருந்தான். இன்றைக்கு இந்தக் காரை எப்படியாவது தள்ளிவிட வேண்டும் அவனுக்கு.

சந்தாபுரா தாண்டியதும் சாலை காலியாகக் கிடந்தது. அவள் மிதித்தாள். ஒரு நொடி கார் சோம்பியது. பிறகு டர்போ விழித்துக்கொள்ள, மூவர் முதுகும் சீட்டோடு ஒட்டியது. ஸ்டீயரிங் வலப்பக்கம் திமிறியது.

"பார்த்தீங்களா மேடம்? குதிரை!"

"வலப்பக்கம் இழுக்குதேப்பா?"

"முன் சக்கரத்துல பவர் போற வண்டி மேடம். மிதிச்சா இழுக்கும். இந்த மாடல் எல்லாமே இப்படித்தான்."

"மத்ததெல்லாம் இடப்பக்கம் இழுக்கும். இதுக்கு ஆக்சில் மாத்தினேன், அதிலிருந்து வலப்பக்கம்." அவள் உற்சாகமாகச் சிரித்தாள். "கலரை மாத்தினீங்க, நம்பரை மாத்தினீங்க, இதை விட்டுட்டீங்களே! சார், களவு போன என் வண்டியேதான்!"

தனக்கோடியின் கை கதவுக்குப் போனது. வேகமானி முள் நூறைத் தாண்டியிருந்தது.

"ஸ்டேஷனுக்கு விடுங்க மேடம்," என்றது பின் சீட்டு.

லாக்கப் வாசலில் தனக்கோடி திரும்பினான். "சார், நீங்க மேடம் வீட்டுக்காரர் இல்லையா?"

"எஸ்.ஐ. மஞ்சுநாத். உள்ள போடா."

அவன் முதுகுக்குப் பின்னால் கதவு அறைந்து சாத்தப்பட்டது. பூட்டும் விழுந்தது.