வானம் நீலமாகும் வரை

கேமரா ட்ரைபாடின் மூன்று கால்களும் மண்ணில் ஏற்கெனவே பதிந்து கிடக்கும் மூன்று குழிகளில் கச்சிதமாகப் போய் உட்காருகின்றன. இந்த மேட்டுக்கு வருவது இதுதான் முதல் தடவை என்று வழிநெடுக அளந்துகொண்டு வந்தவர் அவள் புருஷன்.  ஃபிளாஸ்க் மூடியைத் திருகியபடி அவள் அவர் முதுகையே பார்க்கிறாள். எதிர்மலை உச்சியில் ஒட்டிக்கொண்டிருந்த சிவப்பு மெல்ல வடிகிறது. அவர் விரல் பொத்தான்மேல் இருக்கிறது, அழுத்தவில்லை. “வெளிச்சம் போகுதேங்க, எடுக்கலையா?” “போகட்டும்.” “எதுவரைக்கும்?” “வானம் நீலமாகணும்.” வானம் நீலமாகிறது. பள்ளத்தில் ஒரு நாய் குரைத்து ஓய்கிறது. அவர் வானத்தை விட்டுவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொள்கிறார். மலையைப் படம் பிடிக்க இவ்வளவு சிங்காரம் எதற்கு என்று அவளுக்குப் படுகிறது. அப்போது, எதிர்ச்சரிவில் ஒற்றையாக நிற்கும் வீட்டின் ஜன்னலில் விளக்கு எரிகிறது. கிளிக். “அவ்வளவுதான், கிளம்பலாம்” என்கிறார், அடக்கிவைத்திருந்த மூச்சை விட்டபடி. ஃபிளாஸ்க் மூடி அவள் விரலில் அப்படியே நிற்கிறது. வீட்டுக் கூடத்தில் வரிசையாகத் தொங்கும் பதினோரு அந்திமலைப் படங்கள் கண்முன் வருகின்றன. எல்லாவற்றிலும் சரிவில் ஒரு மஞ்சள் புள்ளி. கண்ணாடியில் படிந்த கறை என்று நினைத்து, வாரம் தவறாமல் ஈரத்துணியால் அவள் அழுத்தி அழுத்தித் துடைக்கும் புள்ளி.