முள் இல்லாத பக்கம்

இழுவை பத்தவில்லையென்று டிரைவர் மாசிலாமணி பம்பில் டீசல் அளவைக் கூட்டி வைத்திருந்தார். லாரி மலையேறியது. டர்போவுக்குள் ஒரே தண்டில் அண்ணனும் தம்பியுமாக இரண்டு சக்கரங்கள் சுற்றின. இன்ஜின் கக்கும் புகை தம்பியைச் சுழற்ற, அந்தச் சுழற்சியிலேயே அண்ணன் இன்ஜினுக்குக் காற்றை அடைத்தான்.

தம்பி உடம்பெல்லாம் சிவந்து பதறினான். "அண்ணே, வெளியே போக வழியில்லாம புகை என் வாசல்லயே முட்டிக்கிட்டு நிக்குது. நீ அடைக்கிற காத்தைவிட ரெண்டு பங்கு அழுத்தம். இன்ஜினுக்கு மூச்சு விட முடியல!"

"சும்மா புலம்பாதடா. டிரைவர் முன்னாடி மீட்டர் இருக்கு. முள்ளு ஜோரா ஏறுது."

"அது உன் காத்துக்கு வச்ச மீட்டர். என் புகைக்கு எங்க வச்சாங்க?"

அண்ணன் முதன்முறையாகக் குரலைத் தாழ்த்திக் கேட்டான். "அப்ப அவருக்கு எப்படிடா தெரியும்?"

மேலே, முள்ளைப் பார்த்து மனம் குளிர்ந்த மாசிலாமணி ஆக்சிலரேட்டரை இன்னும் அழுத்தினார்.