வெல்தாரின் கடைசி இதழ்

“என்னய்யா, இந்தப் புதன்கிழமையும் வரலையா? நாலு மாசமா இதே பாட்டைத்தான் பாடுற!”

மிலன் மேஜையில் ஓங்கித் தட்டினார். காமிக்ஸ் கடைக்காரர் ஸ்டாவ்ரோஸ் தலையைச் சொறிந்தார்.

“படம் வரையுறவன் இன்னும் முடிக்கலையாம்ப்பா. நான் என்ன பண்ண?”

“அவன் கையை உடைச்சு அடுப்புல வைக்க! சூரியன் அணையப் போகுது, வெல்தார் ஒத்த ஆளா அதைத் தோள்ல தாங்கிட்டு நிக்கிறான். அந்த இடத்துல போய்த் ‘தொடரும்’னு போட்டுட்டான். இங்க யங்ஸ்டவுன்ல உருக்காலையை இழுத்து மூடினப்போ நாங்க அத்தனை பேரும் கையைக் கட்டிக்கிட்டு வேடிக்கைதானே பார்த்தோம்? அவனாவது ஜெயிச்சானான்னு எனக்குத் தெரியணும்யா.”

“அடுத்த வாரம் கண்டிப்பா வந்துடும்.”

“நீயும் உன் அடுத்த வாரமும்! ஊர்ல வேற கடை இல்லாம போச்சு. இல்லேன்னா உன் மூஞ்சியில முழிப்பேனா?”

கோட்டை இழுத்து மூடிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போனார் மிலன். வேலையும் போய், மனைவியும் போய்ச் சேர்ந்த பிறகு அந்த மனுஷனுக்கு மிச்சமிருந்த ஒரே ஆசை அந்தக் கதைதான்.

ஸ்டாவ்ரோஸ் காபி வாங்க வெளியே போனார். பழைய இதழ்களை அடுக்கலாம் என்று அவர் மனைவி டெஸ்பினா கீழ்த்தட்டைத் திறந்தாள். துணிக்கு அடியில் வெல்தாரின் கடைசி இதழ், ஒரு கட்டே இருந்தது!

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விலை ஏறட்டும் என்று பதுக்கியிருக்கிறார், வேறென்ன? ஒன்றை உருவிக்கொண்டு தெருவில் ஓடினாள். நல்லவேளை, பஸ் இன்னும் வரவில்லை.

ஸ்டாவ்ரோஸ் திரும்பியபோது இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“வெக்கமா இல்ல உங்களுக்கு? ஏழை பாழை ஆசைப்படுற புத்தகத்தை ஒளிச்சு வச்சா காசு பார்க்கணும்? நான் சும்மாவே கொடுத்துட்டேன். பாவம், அழுதுட்டார். என் கையைப் பிடிச்சுக்கிட்டு, ‘இனி எனக்கு ஒரு குறையும் இல்லம்மா’ன்னு சொல்லிட்டுப் போனார்.”

ஸ்டாவ்ரோஸின் முகம் வெளுத்தது.

“எந்த பஸ்ல ஏறினான்? சொல்லு, எந்த பஸ்?”

“வீட்டுக்குப் போற பஸ்தான்... ஏன், என்னாச்சு?”

கார் சாவியைத் தேடிக்கொண்டே ஸ்டாவ்ரோஸ் கத்தினார்:

“அடிப்பாவி! ‘இந்தக் கதை முடியற வரைக்கும்தான் உயிரோட இருப்பேன், கடைசி இதழைப் படிக்கிற அன்னிக்கே நானும் போயிடுவேன்’னு சத்தியம் பண்ணவன்டி அவன்!”