வாலில்லாதவள் கட்டிய அறை

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது. சருகுக்கடியில் எள்ளைவிடச் சின்னதாக ஒரு பொய்த்தேள் இருந்தாள். தேளைப் போலவே இடுக்கி உண்டு, கொட்ட வால் கிடையாது.

"நாளைக்கு முதல்முதலாகத் தோல் உரிக்கணும் அக்கா. உடம்பெல்லாம் மெத்தென்று ஆகிவிடுமாம்," என்று வழியில் வந்த எறும்பிடம் உளறிவிட்டாள்.

"அடி வாலில்லாதவளே! அப்படியானால் காலையில் நாங்கள் எல்லோரும் விருந்துக்கு வந்துவிடுகிறோம்," என்று சிரித்துக்கொண்டே போனாள் எறும்பு.

பொய்த்தேள் அழ வாயைத் திறந்தாள். வாயிலிருந்து பட்டு நூல் வந்தது! தனக்குள் இப்படி ஒன்று இருப்பது அவளுக்கே தெரியாது. மலைத்துப்போனவள் அழுகையை மறந்தாள். மண்துகள்களை ஒவ்வொன்றாக அந்த நூலால் ஒட்டி, தன்னைச் சுற்றி உருண்டையாக ஓர் அறை எழுப்பினாள்.

காலையில் வெளியே எறும்புகளின் காலடிச் சத்தம் கேட்டபோது, கடைசித் துகளை உள்ளே இருந்தபடியே வைத்து அடைத்துக்கொண்டாள்.